அப்பாவின் செக்ரோல் புத்தகமும் என் மூன்று வேலைக் கடிதங்களும்

அப்பா முப்பத்தொரு வருடம் செக்ரோல், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வருகை, கூலிப் பதிவேடு எழுதியவர். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் பாதையில், ரப்பராக இருந்து பிறகு செம்பனைக்கு மாறிய ஒரு தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, யார் வந்தார், யார் வரவில்லை, யார் எத்தனை கிலோ ரப்பர் பால் கொண்டுவந்தார், ஒட்டுப்பால் எவ்வளவு, மழையால் எத்தனை நாள் மரம் வெட்டவில்லை (பட்டையைச் சீவிப் பால் எடுக்கவில்லை), யாருக்கு முன்பணம் பிடிக்க வேண்டும், எல்லாம் அவருடைய நீளப் புத்தகத்தில் இருக்கும். நான் விமானி. 2022-இல் மூன்று நிறுவனங்களின் வேலைக் கடிதங்கள் ஒரே மாதத்தில் என் கைக்கு வந்தபோது, எதில் கையெழுத்துப் போடுவது என்று எனக்குத் தெளிவு தந்தது அந்தப் புத்தகத்தின் கணக்குமுறைதான்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது விமானம் ஓட்டப் படிக்கிறார்கள். லீவில் நான் வந்திருப்பது தெரிந்தால் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். எல்லாருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: "அக்கா, எந்தக் கம்பெனியில சம்பளம் கூட?" 2016-இல் நானும் அதைத்தான் கேட்டேன். அந்தக் கேள்வியால் நான் இழந்ததை அவர்களும் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் முதல் வேலை ஏடிஆர் என்ற சிறிய விமானத்தில், துணை விமானியாக. அடிப்படைச் சம்பளம் 3,000 ரிங்கிட், பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 60 ரிங்கிட். கணக்குக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று எண்களை வட்டமாக்கித்தான் சொல்கிறேன். நேர்காணலில் இருந்தவர், "மாதம் எட்டாயிரத்தை ஒட்டி வரும்" என்றார். 80 மணி நேரம் பறந்தால் 7,800. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் முதல் ஆறு மாதம் எனக்குக் கிடைத்தது சராசரியாக 45 மணி நேரம். அதாவது 5,700 ரிங்கிட். அதில் சேமநிதி பிடித்தம் போக, படிப்புக் கடனுக்கு 2,400, அறை வாடகைக்கு 600. மிச்சத்தில் சாப்பாடும் பெட்ரோலும். அந்த நாட்களில் அம்மா பையில் கட்டிக்கொடுத்த கருவாட்டுக் குழம்புதான் பாதி வாரத்தை ஓட்டியது.

முதல் சம்பளச் சீட்டை அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது பால் வெட்டுச் சம்பளம் மாதிரில்ல இருக்கு?" என்றார்.

எனக்கு அப்போது அது புரியவில்லை. அவர் சொன்னது இதுதான். மரம் வெட்டுகிறவருக்கு நாள் கூலி ஒரு பங்கு. கொண்டுவரும் பாலின் எடைக்கும் அந்த மாத ரப்பர் விலைக்கும் ஏற்ப வருவது இன்னொரு பங்கு. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் மழை விழுந்து கோப்பையில் இருக்கும் பாலைக் கெடுத்துவிடும். அடைமழை மாதத்தில் ஆள் தவறாமல் பெரட்டுக்கு வந்து நிற்பார், கத்தியைத் தீட்டியிருப்பார், உடம்பில் தெம்பும் இருக்கும், ஆனால் சம்பளம் இறங்கிவிடும். மாதச் சம்பளம் வேண்டும் என்று தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அத்தனை வருடம் போராடியது இதற்காகத்தான். இதையெல்லாம் சொல்லிவிட்டு அப்பா கேட்டார்:

"உனக்கு எது மா மழை?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் என் மழை நாட்கள் ஏராளம். விமானம் பழுதாகிக் கொட்டகையில் நிற்கும் நாள் மழை. கூப்பிட்டால் ஓட வேண்டும் என்று சீருடையைத் தேய்த்து வைத்துவிட்டு, கூப்பிடாமலே போகும் ஸ்டேன்ட்பை நாள் மழை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிம்முலேட்டர் தேர்வு, பாதுகாப்பு வகுப்பு, காய்ச்சலுக்கு எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு, வருட விடுப்பு, எல்லாமே மழைதான். இந்த நாட்களில் நான் வேலையில்தான் இருக்கிறேன், அல்லது சட்டப்படி உள்ள விடுப்பில் இருக்கிறேன். ஆனால் பறந்த மணி நேரம் பூஜ்யம். அதனால் சம்பளம் கூட எங்கே என்று கேட்பதற்கு முன்னால், பறக்காத நாளுக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்க வேண்டும். விமானிகள் இதை மாத உத்தரவாத மணி நேரம் என்பார்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் தொழிற்சங்க ஒப்பந்தத்திலேயே இது இருக்கும். மாதம் 70 மணி நேரத்தை ஒட்டி ஓர் அளவு, பறந்தாலும் பறக்காவிட்டாலும் அதற்குச் சம்பளம் உண்டு. நம் வட்டாரத்தில் சில கடிதங்களில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இல்லாத கடிதத்தில்தான் மணிக்கூலி பெரிதாகத் தெரியும்.

அடுத்தது, எந்த மணி நேரத்துக்குச் சம்பளம் என்பது. நாங்கள் பிளாக் ஹவர் என்று சொல்வது, விமானம் நிற்குமிடத்திலிருந்து புறப்பட நகர்ந்த நொடி முதல் மறுமுனையில் வந்து நிற்கும் நொடி வரை. அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து வானிலை பார்ப்பது, எரிபொருள் கணக்குப் போடுவது, பயணிகள் ஏறி இறங்கக் காத்திருப்பது, இரண்டு பறப்புகளுக்கு நடுவில் மழையில் நனைந்தபடி விமானத்தைச் சுற்றிப் பார்ப்பது, இவை எதுவும் பிளாக் ஹவரில் சேராது. இதன் விளைவை ஓர் உதாரணத்தில் சொல்கிறேன். கோலாலம்பூர்–பினாங்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரே நாளில் இப்படி நான்கு பறப்புகள் செய்தால் பிளாக் ஹவர் நான்கு. ஆனால் நடுவில் நிற்கும் நேரத்தையெல்லாம் சேர்த்தால் வேலை எட்டு ஒன்பது மணி நேரம் இழுத்துவிடும். கோலாலம்பூர்–சென்னை ஒரு வழிக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். போய்த் திரும்பினால் பிளாக் ஹவர் எட்டு. வேலை நேரம் பத்தரை. ஒன்றரை மணி நேரம்தான் கூட, சம்பளமோ இரண்டு மடங்கு. ஏற்றமும் இறக்கமும்தான் விமானியின் வேலையில் கடினமான பகுதி. அதை ஒரே நாளில் நான்கு தடவை செய்கிறவருக்குப் பாதிச் சம்பளம். ஆகவே மணிக்கூலியை மட்டும் பார்க்காமல், அந்த நிறுவனம் எந்த ஊர்களுக்குப் பறக்கிறது, நாளுக்கு எத்தனை பறப்புகள் என்று பாருங்கள்.

2019-இல் நான் ஏ320 ஜெட் விமானத்துக்கு மாறியிருந்தேன். அப்பா அந்த வருடம்தான் எனக்காக ஒரு நீளப் புத்தகம் வாங்கினார். தினமும் ராத்திரி வாட்ஸ்அப்பில் மூன்று நேரங்களை அனுப்பச் சொன்னார்: அறையை விட்டுக் கிளம்பியது, அறைக்குத் திரும்பியது, நடுவில் எத்தனை மணி நேரம் பறந்தது. தோட்டத்தில் பெரட்டுக்கு மணி அடித்ததிலிருந்து பால் நிறுத்துக் கொடுக்கும் வரை ஆள் வேலையில் இருக்கிறார் என்பது அவர் கணக்கு. ஒரு மாதம் முடிந்து கூட்டினால் எனக்கு வந்தது 10,980 ரிங்கிட். பறந்தது 72 மணி நேரம், மணிக்கு 152.50. பணியில் இருந்தது 138 மணி நேரம், மணிக்கு 80. அறையை விட்டு வெளியே இருந்தது, வெளியூரில் தங்கியதையும் சேர்த்து, 212 மணி நேரம், மணிக்கு 52. என்னோடு படித்த தோழி வேறொரு நிறுவனத்தில் பெரும்பாலும் இந்தியப் பறப்புகள் செய்துகொண்டிருந்தாள். அவளிடமும் கேட்டு எழுதினார். அவள் சம்பளம் 10,630, என்னைவிட 350 குறைவு. ஆனால் வெளியே இருந்தது 150 மணி நேரம், மணிக்கு 71. அந்த மாதம் அவளுக்குப் பதினொரு ஓய்வு நாட்கள், எனக்கு எட்டு. அதுவரை நான் அவளைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பணி நேர விதிகளை வாசிக்கும்போதும் அப்பாவின் கண் வேறு இடத்தில் போய் நிற்கும். உலகம் முழுக்க ஒரே விதி கிடையாது. ஐகாவோ என்ற ஐ.நா. அமைப்பு, ஒவ்வொரு நாடும் களைப்பைக் கட்டுப்படுத்த விதி வைத்திருக்க வேண்டும் என்கிறது. எண்களை அந்தந்த நாடு முடிவு செய்கிறது. மலேசியாவில் அது 2018-இல் அமைந்த காம் என்ற விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு. ஐரோப்பாவில் 28 நாட்களில் 100 பறப்பு மணி நேரம், ஒரு காலண்டர் வருடத்தில் 900. பணி நேரம் ஏழு நாட்களில் 60, 28 நாட்களில் 190. சொந்தத் தளத்தில், அதாவது விமானி வழக்கமாகப் பணி தொடங்கும் ஊரில், ஓய்வு குறைந்தது 12 மணி நேரம், அல்லது முடித்த பணி எவ்வளவு நீளமோ அவ்வளவு, இரண்டில் எது அதிகமோ அது. அமெரிக்காவில் 365 நாட்களில் 1,000 மணி நேரம், பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தடையில்லாமல் தூங்க வழி இருக்க வேண்டும். சரக்கு விமானங்களுக்கு அந்த விதி கட்டாயமில்லை. இந்தியாவில் 2024 ஜனவரியில் வெளியான திருத்தத்தில் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கினார்கள், இரவு இறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். அதன் இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் வந்ததும், டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான பறப்புகள் ரத்தாயின. ஒரு விதி மாறினால் எத்தனை ஆள் கூடுதலாக வேண்டும் என்பதை அப்போது ஊரே பார்த்தது.

இதையெல்லாம் நான் வாசித்துக் காட்டியதும் அப்பா 900-ஐ 12-ஆல் வகுத்தார். 75. "வருசத்துக்கு 900-க்கு மேல பறக்கக் கூடாதுன்னா, இவன் 95 மணிக்குப் போட்டுக் காட்டற சம்பளம் எத்தன மாசத்துக்கு வரும்?" நான் அந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. விளம்பரத்தில் இருக்கும் பெரிய தொகை, வரம்பை ஒட்டிப் பறக்கும் மாதத்துக்கானது. அப்படி நான்கைந்து மாதம் ஓட்டினால் மற்ற மாதங்களில் நிறுவனமே உங்களைக் கீழே உட்கார வைத்தாக வேண்டும். எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் 75 மணி நேரத்துக்கு மாதச் சம்பளத்தைப் போட்டுப் பாருங்கள். 1,000 மணி நேர நாடு என்றால் 83-க்கு. பிறகு 40-க்குப் போடுங்கள். பிறகு பூஜ்யத்துக்குப் போடுங்கள்.

ஓய்வு நாள் என்ற சொல்லையும் விடாமல் கேட்க வேண்டும். ஒரு மாதம் என் அட்டவணையில் ஒன்பது ஓய்வு நாட்கள் இருந்தன. அதில் இரண்டில் நான் இறங்கியதே அந்த நாள் அதிகாலை இரண்டு மணிக்கு. அறைக்குப் போய்ப் படுக்கும்போது மூன்றரை. அப்பா அந்த இரண்டு கட்டங்களையும் பேனாவால் அடித்துவிட்டு, "இது லீவு இல்ல, தூங்கற நாள்" என்று எழுதினார். ஒப்பந்தத்தில் ஓய்வு நாள் நள்ளிரவிலிருந்து தொடங்குகிறதா, முழுதாக எத்தனை இரவுகள் உங்களுடையவை என்று எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பிய விதியில் வார ஓய்வு 36 மணி நேரம், அதற்குள் இரண்டு இரவுகள் இருக்க வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. ஸ்டேன்ட்பையில் எத்தனை நிமிடத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதும் பணக் கணக்குதான். தொண்ணூறு நிமிடம் என்றால் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ-இல் ஸ்டேன்ட்பை செய்யவே முடியாது; சாலையில் மட்டும் மூன்று மணி நேரம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாலாக் திங்கியில் அறை எடுத்தாக வேண்டும். அந்த வாடகையை எந்தக் கடிதமும் சொல்லாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. 2019 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு சென்னை ராத்திரிப் பறப்பை முடித்துக் காலை ஆறரைக்கு இறங்கினேன். அறைக்குப் போய்த் தூங்கியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் ஆசையில் அப்படியே காரை எடுத்தேன். வழியில் தாப்பாவுக்கு முன்னால் கார் இடப்பக்கம் ஓரக் கோட்டைத் தாண்டி, டயர் அதிர்ந்த சத்தத்தில்தான் விழித்தேன். ஓய்விடத்தில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அப்புறம் அங்கேயே நான்கு மணி நேரம் தூங்கினேன். அதிகாலை இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பின் விழிப்பு மிகக் குறையும் நேரம் என்று எங்களுக்கு வகுப்பிலேயே சொல்லித் தருகிறார்கள். பாடம் தெரிந்திருந்தும் காரை எடுத்தேன்.

அன்றைக்குப் பிறகுதான் கோல்கன் 3407 விபத்தின் அறிக்கையை முழுதாக வாசித்தேன். 2009 பிப்ரவரி 12, அமெரிக்காவின் பஃபலோ அருகே. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. களைப்பும் இருவரின் செயல்திறனைப் பாதித்திருக்கலாம் என்றது. துணை விமானிக்கு வயது 24. தளம் நியூவார்க்கில், வீடு நாட்டின் மறுகரையில் சியாட்டில் பக்கம். பெற்றோர் வீட்டிலிருந்து ராத்திரி முழுக்கச் சரக்கு விமானத்தில் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். குறைந்த சம்பளத்தில் தளத்துக்கு அருகில் எப்படிக் குடியிருப்பது என்ற கேள்வி விசாரணையில் எழுந்தது. நான் மேலே சொன்ன அமெரிக்க ஓய்வு விதி 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததற்கு அந்த 50 உயிர்களும் ஒரு காரணம். அந்தப் பக்கங்களை வாசித்தபோது சாலாக் திங்கிக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த என் கார்தான் நினைவில் இருந்தது. தளம் எந்த ஊரில் என்ற வரியைச் சம்பளத்துக்குச் சமமாக நான் எடைபோடத் தொடங்கியது அப்போதிலிருந்துதான்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. விமானங்கள் நின்றன. ஏப்ரலில் என் பறப்பு மணி நேரம் பூஜ்யம். கைக்கு வந்தது அடிப்படைச் சம்பளம் மட்டும், பிறகு அதிலும் ஒரு பகுதி. அப்பாவின் அடைமழை எங்கள் வீட்டுக்கு வந்து பல மாதம் தங்கியது. வேறு வேலைக்குப் போகலாம் என்றால் பயிற்சிப் பத்திரம் தடுத்தது. ஏ320 பயிற்சிக்காக ஐந்து வருடப் பத்திரம்; நடுவில் வேலையை விட்டால் அதில் உள்ள தொகையை நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். அப்பாதான் ஜாமீன் கையெழுத்து. மூன்று வருடம் வேலை செய்தாலும் தொகை குறையாது, ஐந்தாம் வருடம் முடிந்தால்தான் மொத்தமாகக் கழியும் என்ற வரியை நாங்கள் இருவருமே 2018-இல் கவனிக்கவில்லை. அப்பா அத்தனை வருடம் பிறர் கணக்கை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தவர். மகளின் கடிதம் என்றதும் சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதை நினைத்து அவர் பட்ட வேதனையை நான் மறக்கமாட்டேன். பத்திரம் இருந்தால், மாதாமாதம் தொகை குறைந்துகொண்டே வருமா, நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால் யார் கட்டுவது, ஜாமீன் போட்டவரின் பொறுப்பு எந்த நாளில் முடிகிறது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் யாரையும் கையெழுத்துப் போட வைக்காதீர்கள்.

சரி, 2022-க்கு வருகிறேன். பத்திரக் காலம் ஒருவழியாக முடியும் நேரத்தில் மூன்று கடிதங்கள். முதலாவதில் அடிப்படை 3,500, மணிக்கு 120, உத்தரவாதம் இல்லை, தளம் கேஎல்ஐஏ. இரண்டாவதில் மாதம் 9,500 நிச்சயம், அதற்குள் 60 மணி நேரம் அடக்கம், அதற்கு மேல் மணிக்கு 110, தளம் பினாங்கு. மூன்றாவது வளைகுடாவில், அமீரகத்தில், பெரிய விமானம், கையில் வருவது மற்ற இரண்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, வீடும் உண்டு, அங்கே வருமான வரியும் இல்லை.

எல்லாரும் மூன்றாவதைப் பிடித்துக்கொள் என்றார்கள். பிள்ளைகள் படிக்கும் வயதில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு, பள்ளிக் கட்டணமும் கொடுக்கும் அப்படிப்பட்ட வேலை உண்மையிலேயே நல்லது. என் சீனியர்கள் சிலர் அதில் கடனை அடைத்து வீடும் வாங்கினார்கள். நானும் அப்பாவும் அதை இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தோம். இங்கே முதலாளி என் சம்பளத்துக்கு மேல் 12 விழுக்காடு சேமநிதியில் போடுகிறார். அங்கே அது கிடையாது. அதற்குப் பதில் வேலை முடியும்போது பணிக்கொடை: அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான். வீட்டுப்படியும் பறப்புப்படியும் அதில் சேராது. அடிப்படை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் அந்தத் தொகையின் உண்மையான அளவு தெரியும். இங்கேயும் இதே கேள்வி உண்டு: பறப்புப்படிக்குச் சேமநிதி கட்டுகிறார்களா என்று எழுதிக் கேளுங்கள். பத்து வருடத்தில் அது பெரிய தொகை.

எனக்கு அந்த வருடம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆகவே கர்ப்பமானால் என்ன என்று மூன்று நிறுவனங்களுக்கும் எழுதினேன். இதைக் கேட்கக் கூச்சப்படும் தங்கைகளைப் பார்த்திருக்கிறேன், கூச்சப்படவே கூடாது. ஐரோப்பிய விதியில் 26-ஆம் வாரம் முடியும் வரை சில நிபந்தனைகளோடு பறக்க மருத்துவ அனுமதி பெறலாம். சில நிறுவனங்களோ தெரிவித்த நாளிலேயே தரையில் நிறுத்திவிடும். பறக்காத அந்த மாதங்களில் சம்பளம் எது என்பதுதான் விஷயம். முதல் நிறுவனம், அடிப்படை மட்டும் என்றது. இரண்டாவது, அலுவலக வேலை கொடுத்து 9,500-ஐயும் தருவதாக எழுதிக் கொடுத்தது. மூன்றாவதிடமிருந்து நேரான பதில் வரவில்லை. மருத்துவச் சான்றிதழ் போனால் வரும் காப்புறுதியையும் அதே மின்னஞ்சலில் கேட்டேன். காதோ கண்ணோ இதயமோ ஒருநாள் சரியில்லை என்றால் விமானியின் சம்பாத்தியம் அன்றே நின்றுவிடும்.

நான் இரண்டாவதை எடுத்தேன். 75 மணி நேரக் கணக்கில் முதல் கடிதம் 12,500, என்னுடையது 11,150. மாதம் 1,350 குறைவு. தெரிந்தேதான் விட்டேன். மூன்று வருடத்தில் நான் பறந்தது 27 மாதம். அந்தக் கணக்கில் 36,450 ரிங்கிட் போனது. மற்ற ஒன்பது மாதம் மகனுக்காகத் தரையில் இருந்தேன், சட்டப்படியான 98 நாள் பிரசவ விடுப்பையும் சேர்த்து. முதல் கடிதத்தில் அந்த மாதங்களுக்கு 3,500, இதில் 9,500. வித்தியாசம் ஒன்பது மாதத்துக்கு 54,000. இது என் வாழ்க்கைக்கான கணக்கு. இருபத்திரண்டு வயதில், கல்யாணம் இல்லாமல், அறையை நாலு பேரோடு பகிர்ந்துகொண்டு, வேகமாகக் கடன் அடைக்க நினைக்கும் ஒரு பையனுக்கு முதல் கடிதமே சரியாக இருக்கலாம். அவன் பூஜ்ய மாதத்துக்கு ஆறு மாதக் காசைத் தனியே வைத்திருந்தால் போதும்.

சங்கம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்பாவுக்கு மாப்பா என்றால் தோட்ட முதலாளிகளின் அமைப்பு. அவருடைய சிப்பந்திகள் சங்கம் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து அதனோடு ஒப்பந்தம் பேசியது. எங்கள் தொழிலில் மாப்பா என்றால் மலேசிய ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம். முதல்முறை நான் அந்தப் பெயரைச் சொன்னபோது அப்பா குழம்பிப்போனார். கூட்டு ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் டெட்ஹெட்டாக, அதாவது பயணியாக உட்கார்ந்து அடுத்த பணிக்குப் போகும் நேரத்துக்கு எவ்வளவு, கடைசி நேரத்தில் ஓய்வு நாளைப் பறித்தால் எவ்வளவு என்றெல்லாம் எழுதியிருக்கும். அமெரிக்காவில் இரண்டு மணி நேரம் பணியில் இருந்தால் குறைந்தது ஒரு மணி நேரச் சம்பளம் என்ற ஏற்பாடு பல ஒப்பந்தங்களில் உண்டு. காத்திருக்கும் நேரம் வீணாகாது. டெல்டா விமானிகள் 2023-இல் நான்கு ஆண்டுகளில் 34 விழுக்காடு உயர்வு பெற்றதும் சங்கம் பேசித்தான். ஆனால் அங்கே எல்லாம் மூப்பு வரிசைப்படி. நிறுவனம் மாறினால் இருபது வருட அனுபவமும் கடைசி எண்ணிலிருந்து தொடங்கும். இந்தியாவில் வேலையை விட வேண்டுமென்றால் கேப்டன் ஒரு வருடமும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும். இந்திய நிறுவனக் கடிதத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

போன மாதம் எங்கள் தாமானில் பின்வரிசை வீட்டுப் பையன் ஒரு கடிதத்தோடு வந்தான். அவன் பாட்டி அப்பாவின் தோட்டத்தில் மரம் வெட்டியவர். அவர் பெயரை அப்பா எத்தனையோ வருடம் செக்ரோலில் எழுதியிருக்கிறார். பையன் முதல் பக்கத்தில் இருந்த தொகையைக் காட்டினான். அப்பா அதைத் தொடவில்லை. என் மகனை மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, மழை நாளைக்கு என்ன தர்றாங்கன்னு பாரு" என்றார். நான் விளக்கினேன். அவன் பதினொரு பக்கத்தையும் புரட்டினான், மறுபடி முதலிலிருந்து புரட்டினான். அப்புறம் என் மேசையில் உட்கார்ந்து அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினான்: உத்தரவாத மணி நேரம், ஸ்டேன்ட்பை நாள் சம்பளம், பத்திரத் தொகை குறையும் விதம், ஓய்வு நாள் எப்போது தொடங்குகிறது, சேமநிதி எதன் மீது. பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி, அப்பா நீளப் புத்தகத்தில் அவன் பெயருக்கு ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறார்.